தவசிலிங்கத்தின் இறப்புப் பதிவு

தவசிலிங்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிறரைக் கேள்வி கேட்டே பழகியவர். குடும்ப வரலாறு எழுதும் ஆசையில், அறுபத்தெட்டு வயதில் அமலியிடம் மாணவராகச் சேர்ந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயது. பழைய பதிவேடுகளைப் படித்துக் குடும்ப வரலாறு தொகுப்பது அவள் தொழில்.

அவளிடம் ஒரே விதி. ஒரு சாவை எழுதினால் அதன் கீழே எந்த ஏடு, எந்தப் பக்கம், தகவல் சொன்னவர் யார் என்று எழுத வேண்டும்.

"செத்தது செத்ததுதானேம்மா. யார் சொன்னா என்ன?" என்று முதல் நாளே கேட்டார்.

"போகப் போகத் தெரியும், சார்."

அன்று இருவரும் தாலுகா அலுவலகப் பதிவறையில் இருந்தார்கள். வெளியே நல்ல வெயில். அவருக்கு முன் பிறந்து கைக்குழந்தையிலேயே போய்விட்ட மூன்று அண்ணன்களின் பதிவுகளும் கிடைத்துவிட்டன. இனி அம்மா சீனியம்மாளின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினால் வேலை முடிந்தது. அந்தத் தெம்பில் 1957ஆம் ஆண்டு இறப்பு ஏட்டைச் சும்மா புரட்டினார்.

பெயர் தவசிலிங்கம். வயது ஒன்றரை. காய்ச்சல். தகப்பன் இருளப்பன். தகவல் சொன்னவரும் இருளப்பன்.

அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு உரக்கச் சிரித்தார்.

"எங்கப்பா எமனை ஏமாத்தியிருக்காரும்மா! எங்க பக்கம் பிள்ளை தங்கலைன்னா குப்பையில போட்டு எடுப்பாங்க, தவிட்டுக்கு வித்து வாங்குவாங்க. இவர் ஒருபடி மேல போய் ஏட்டுலயே சாகடிச்சிட்டார்."

"இதை யார் உங்களுக்குச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணுது."

"அப்ப அது ஆதாரம் இல்ல, சார்."

"நான் உயிரோட உக்காந்திருக்கேனே!"

"நீங்க உயிரோட இருக்கீங்க. இந்தப் பேர்ல பிறந்த பிள்ளை நீங்கதான்னு யார் சொன்னது?"

"பள்ளிச் சான்றிதழ் இருக்கு."

"பள்ளியில சேர்த்தது?"

"அப்பா."

"பிறப்பைப் பதிஞ்சது?"

"அப்பாதான்."

"செத்துட்டான்னு சொன்னதும் அவரேதான்."

அமலி அவருடைய நோட்டை இழுத்து எழுதினாள். ஏடு, பக்கம், தகவல் சொன்னவர். எல்லாம் முறைப்படி. தன் பெயருக்கு எதிரே இறந்த தேதியைப் பார்த்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"அதை அடிச்சிடுங்கம்மா."

"அடிக்கணும்னா வேற ஒருத்தர் சொல்லணும். உங்க அம்மா?"

"அம்மா இருந்தவரைக்கும் எதுவும் பேச மாட்டாங்க. தை அமாவாசைக்கு மட்டும் செத்த பிள்ளைங்களுக்குப் பாலும் மிட்டாயும் வச்சுப் படைப்பாங்க..."

அவர் விரல் விட்டு எண்ணினார்.

"நாலு இலை போடுவாங்கம்மா. மூணு பேர்தானேன்னு ஒரு தடவை கேட்டேன். அந்தப் பக்கம் போடான்னு விரட்டிட்டாங்க."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எமனை நம்ப வைக்கத்தான் அதையும் போட்டிருப்பாங்க. இல்லையாம்மா? நான் அவங்க பிள்ளைதானே?"

அமலி பேனாவைக் கீழே வைத்தாள்.

"நாலாவது இலைக்கு முன்னாடி உங்க அம்மா அழுதாங்களா, சார்?"

தவசிலிங்கம் பேனாவை எடுத்து, தகவல் சொன்னவர் இருளப்பன் என்பதற்குப் பக்கத்தில் சீனியம்மாள் என்று சேர்த்து எழுதினார்.