நாலரைக்குள் கிளம்பிய கார்

ஞாயிற்றுக்கிழமைகளில் ராகு காலம் மாலை நாலரைக்குத் தொடங்குகிறது. அதற்குள் குலசேகரன் பெண் பார்க்கக் கிளம்பியாக வேண்டும். வயது முப்பத்தெட்டு, இது ஏழாவது வரன். செங்கல்பட்டில் பெண் வீட்டாரிடம் அவன் அம்மா வேதவல்லி, “கார்ல வந்துடறோம்” என்று சொல்லியிருந்தாள். கார் முதல் மாடி ஆராவமுதனுடையது. டாக்ஸிக்குச் சொல்லப் போனவனைத் தடுத்தவரும் அவர்தான்.

நாலு மணிக்கு, எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், உறை போட்ட அந்தக் காரைச் சுற்றி நின்றிருந்தோம்.

“வெளியே எடுத்து ஆறு மாசம் ஆச்சே மாமா, ஸ்டார்ட் ஆகுமா?” என்றான் குலசேகரன்.

ஆராவமுதன் உறையைத் தடவிக் கொடுத்தார். “பேட்டரியை சார்ஜ் பண்ண இங்க ப்ளக் பாயிண்ட் கிடையாது. மேலேர்ந்து ஒயர் விடப்படாதுன்னு சங்கத்துல தீர்மானம் போட்டா. போடுங்கோன்னு ஒரு சோலார் தகடை வாங்கி காருக்குள்ளே வெச்சேன். அன்னியோட கரண்ட் கவலை விட்டுது.”

“இங்க வெயிலே வராதே சார்?” என்றார் மூன்றாம் மாடி ராஜமணி. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்புவதில்லை.

“எதிர்வீட்டு மொட்டை மாடியில எவர்சில்வர் குடம் காய வெக்கறா. அதுல பட்டு வர்ற வெயிலே ஜாஸ்தி.”

“அதுக்கும் மேல உறை போட்டிருக்கீங்க.”

“உறை இல்லேன்னா பேட்டரி தாங்காது ஓய்! போன பௌர்ணமிக்கு ஒரு நாள் மறந்துட்டேன். நிலா வெளிச்சம் ஏறி, விடியறதுக்குள்ள ஹாரன் தானா அடிச்சுது.”

“அமாவாசைக்கு?”

“அமாவாசைக்கு லீவு.”

வேதவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.

“மழைக்காலத்துக்கு எலுமிச்சம்பழம்,” என்று அவர் குலசேகரன் பக்கம் திரும்பினார். “ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் சக்கரத்தடியில வெக்கறோமோல்லியோ? நசுங்காததா அறுபத்திநாலு பொறுக்கினேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆணி, ஒரு செப்புக் கம்பி, புளிப்புலேர்ந்தே கரண்ட். புயலுக்கு மூணு நாள் தெருவே இருட்டா கிடந்துதே, அப்போ இந்தப் பேட்டரிதான் நம்ம லிஃப்டை ஓட்டித்து.”

“அந்த மூணு நாளும் நான் குடத்தோட படி ஏறினேன்” என்றார் ராஜமணி.

“லிஃப்ட் பட்டனை ஒரு தரமாவது அழுத்திப் பாத்தீரா?”

ராஜமணி யோசித்தார். அழுத்திப் பார்த்திருக்கவில்லை.

“பாக்கலை. அப்புறம் என்ன பேச்சு? மீட்டர் எடுக்க வந்த மின்வாரியத்துக்காரர் பானெட்ல காதை வெச்சுக் கேட்டார். செருப்பைக் கழட்டிட்டு இன்னொரு தரம் கேட்டார். ‘ஐயா, கோடைக்குக் கொஞ்சம் கொடுத்து உதவணும்’னார். யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பி வெச்சேன்.”

“மாமா, மணி நாலே கால்.”

உறை விலகியது. ஆராவமுதன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினார்.

“கூட்டத்தைப் பார்த்தா கொஞ்சம் கூச்சப்படும்.”

ராஜமணி பானெட்டைத் தூக்கினார். இரண்டு தடித்த ஒயர்கள் எதையும் பிடிக்காமல் தொங்கின. பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில், காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது.

ஆராவமுதனின் மனைவி கோமளா படியில் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். “பேட்டரியையா தேடறேள்? ஆயுத பூஜைக்குக் காரை மேலே தூக்க முடியாதுன்னு அதை மட்டும் கழட்டிண்டு வந்தேளே. அலமாரியிலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை தவறாம சந்தனம் வெச்சிண்டிருக்கேன்.”

“எடுத்துண்டு வந்து மாட்டினா?” என்றான் குலசேகரன்.

“ஆறு மாசமா கும்பிடுதான் வாங்கியிருக்கு தம்பி, கரண்ட் வாங்கலை” என்றார் ராஜமணி.

குலசேகரன் படியில் உட்கார்ந்துவிட்டான். போன தடவை ராகு காலத்தில் கிளம்பித்தான் வரன் தட்டிப்போனது என்பது அவன் அம்மாவின் முடிவு. இன்று கிளம்பாவிட்டால் எட்டாவது வரனுக்கு எத்தனை மாதம் ஆகுமோ.

வேதவல்லி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நாலு இருபத்திரண்டு.

“கார் தானா ஓடணும்னு எந்தப் பஞ்சாங்கத்துலயும் இல்லை. வாசலைத் தாண்டினா போறும். ஏறுடா.”

தாம்பூலத் தட்டோடு அவனைப் பின்சீட்டில் உட்காரவைத்தாள். ஸ்டியரிங்கில் ஆராவமுதன். ராஜமணி, காவலாளி, நான் மூவரும் தள்ளினோம். நாலு இருபத்தெட்டுக்குக் கார் கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றது. கோமளா எதிரே சுமங்கலியாக வந்தாள். சகுனமும் ஆயிற்று.

கூப்பிட்ட ஆட்டோ வரப் பத்து நிமிடம் ஆனது. அது பற்றி யாருக்கும் கவலையில்லை.

“அங்க கேட்டா என்னடா சொல்றது?” என்றாள் வேதவல்லி, ஆட்டோவில் ஏறிக்கொண்டே.

“கார்ல கிளம்பினோம், ஆட்டோல வந்தோம்னு சொல்லும்மா. நெஜம்தானே.”

ஆட்டோ முனை திரும்பியதும், ஆராவமுதன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “பாத்தேளா? பேட்டரியே இல்லாம ஓடித்து. ஆறு மாசத்துச் சார்ஜ், வண்டி உடம்புலயே ஊறியிருக்கு.”

ராஜமணி நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“அப்ப வண்டி திரும்ப உள்ள போறதுக்கும் அதுவே போதும் சார்” என்றார். நாங்கள் லிஃப்டை நோக்கி நடந்தோம்.