வேர்க்கடலைத் தட்டும் மூன்று பிள்ளைகளும்

தாய்லாந்தின் வடக்கே ஒரு பள்ளிக்கூடம். பக்கத்திலேயே செல்போன் கோபுரம் உண்டு, காப்பிக் கடை உண்டு, ஐஸ்கிரீம் வண்டிகூட வரும். ஆனாலும் அரசாங்கப் பட்டியலில் அது கிராமப்புறப் பள்ளி. தார்ச்சாலை பள்ளிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுவதுதான் காரணம் என்பார்கள். அந்தப் பட்டியலின் புண்ணியத்தில் அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை கிடைத்தாள். பெயர் ஜெபக்கனி, சொந்த ஊர் நாசரேத். வெளிநாட்டு வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவளை முதலில் வரவேற்றது செம்மண் புழுதி. அவள் அசரவில்லை. "எங்க ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டப் பாத்தவளுக்கு இதென்ன" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.

பிள்ளைகள் தங்கமானவர்கள். ஒரே ஒரு தொல்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் தலையாட்டும். புரிந்தாலும் ஆட்டும், புரியாவிட்டாலும் ஆட்டும். பெரியவர்களைப் பார்த்துப் புரியவில்லை என்று சொன்னால், அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று குறை சொன்னதாகிவிடுமாம். அவர்கள் முகம் வாடிவிடக் கூடாதே என்ற மரியாதை. அந்த மரியாதையோடு ஜெபக்கனி தினமும் மல்லுக்கட்டினாள். "புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்கவே மாட்டேன்" என்பாள். அதற்கும் தலையாட்டுவார்கள்.

இந்த நேரத்தில் ஒரு நல்ல சேதி வந்தது. தலைநகரில் ஓர் ஆங்கில முகாம். பல நாட்டுப் பிள்ளைகளோடு தங்கி, ஆங்கிலத்திலேயே பேசிப் பழக வேண்டும். கிராமப்புறப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். இந்தமுறை அது இந்தப் பள்ளிக்கு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், கற்ற ஆங்கிலத்தால் ஒரு காரியம் நடத்திக்காட்டிய பிள்ளையை அனுப்புங்கள் என்றார்கள். ஜெபக்கனிக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே பயமும் வந்தது. போகிற பிள்ளை அங்கேயும் சும்மா தலையாட்டிவிட்டு வந்தால், கிராமத்துப் பிள்ளைகள் இவ்வளவுதான் என்று வாய்க்கு வந்தபடி பேசுவார்களே!

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளை. ஜெபக்கனி பின்கட்டடத்தில் சின்ன வகுப்போடு இருந்தாள். சைக்கிளில் நாடு சுற்றும் ஒரு வெள்ளைக்காரர் வெயிலில் சோர்ந்துபோய்ப் பள்ளி வாசலில் நின்றார். உள்ளே வருவதா, மேலே போவதா என்று அவருக்குத் தயக்கம். பிம் என்ற சிறுமி ஓடிப்போய்க் கைகூப்பி, விழாக்களில் சொல்லும் வரவேற்புரையை ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். மனுஷர் மகிழ்ந்துபோய் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

தலைமையாசிரியர் விச்சாய் அவர் முன்னால் நூடுல்ஸ் தட்டை வைக்கச் சொன்னார். மேலே, இன்னதென்று அடையாளம் தெரியாதபடி நைசாகப் பொடித்த வேர்க்கடலை தாராளமாகத் தூவியிருந்தது. வந்தவர் கடகடவென்று ஏதோ சொன்னார். விச்சாய் தலையாட்டினார். பிம் தலையாட்டினாள். பள்ளியிலேயே அதிக ஆங்கிலச் சொற்கள் அறிந்த ஆனன் என்ற பையனும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினான். எல்லாரும் ஆமோதித்ததால் வந்தவர் நிம்மதியாக முட்கரண்டியை எடுத்தார்.

அப்போது, வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் மாலி என்ற சிறுமி, காது சிவக்க எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்: "சார், எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள்."

விச்சாயின் முகம் சுருங்கிவிட்டது. விருந்தாளி முன்னால் மானம் போயிற்றே என்று அவருக்கு. வந்தவரோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைத் தொட்டுக்காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மாலிக்கு அப்போதும் புரியவில்லை. ஆனனுக்குத்தான் பொறிதட்டியது. "வேர்க்கடலை! அவருக்கு ஆகாதாம், தொண்டை அடைச்சிருமாம்! இதுல வேர்க்கடலை இல்லதானேன்னு கேட்டிருக்கார்!" என்று கத்திக்கொண்டே தட்டைப் பிடுங்கினான். சத்தம் கேட்டு ஜெபக்கனி ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டதும் வேறு தட்டு கொண்டுவரச் சொன்னாள்.

வந்தவர் வெறும் சோறும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, நூறு நன்றி சொல்லிக் கிளம்பினார். பேச்சு முகாமுக்குத் திரும்பியது.

"பிம்மை அனுப்புங்க டீச்சர். அவ கூப்பிடலைன்னா அவர் உள்ளேயே வந்திருக்க மாட்டார். பிசிறில்லாத ஆங்கிலம்" என்றார் விச்சாய்.

"ஆனன்தான் உயிரக் காப்பாத்துனான்" என்றார்கள் சமையல்கட்டுப் பெண்கள்.

மாலி மெல்லச் சொன்னாள்: "க்ரூ, நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன். ரெண்டாவது தடவையும் எனக்குப் புரியலை." க்ரூ என்றால் அங்கே ஆசிரியர், நம்முடைய குருதான்.

ஒருத்தி அழைத்தாள், ஒருத்தி கேட்டாள், ஒருவன் காப்பாற்றினான். இருப்பது ஒரே இடம். நிபந்தனையையும் மறந்துவிடாதீர்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: ஜெபக்கனி யாரை அனுப்ப வேண்டும்?

விடை: மாலியை. பிம்மின் வரவேற்பு அழகுதான். ஆனால் எதிரே இருப்பவர் வாய்திறந்ததும் அதற்கு வேலை முடிந்துவிட்டது. வேர்க்கடலை என்ற சொல் ஆனனுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் முதல்முறை பிடிபடாமல் தலையாட்டினான். மாலி எழுந்து கேட்காவிட்டால் அந்தச் சொல் அவனுக்குள்ளேயே கிடந்திருக்கும், தட்டும் காலியாகியிருக்கும். புரியாததைக் கேட்க அவள் ஆங்கிலத்தை எடுத்தாள்; காரியம் நடந்தது. ஜெபக்கனி அவள் பெயரை வகுப்பில் அறிவித்துவிட்டு, வழக்கம்போல "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். அன்று யாரும் தலையாட்டவில்லை. முதலில் ஆனன் கை தூக்கினான், அடுத்து பிம், பிறகு வகுப்பே கை தூக்கியது. "புரியலை க்ரூ. ஏன் மாலி?" என்றார்கள். ஜெபக்கனிக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, மெதுவாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.