பந்தாசனத்துக்கு முதல் பரிசு

நாவல் மரக் குளக்கரையில் நாரை வாத்தியார் உடல்நலப் பள்ளி நடத்திவந்தார். முயல், கீரி, அணில், ஆமை, உடும்பு என்று மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். வாத்தியார் எப்போதும் ஒற்றைக் காலில்தான் நிற்பார். பாடம் நடக்கும்போது இன்னொரு காலை அவர் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார். பல்லைப் பார்ப்பார். நகத்தைப் பார்ப்பார். காதை ஒவ்வொன்றாகத் திருப்பி அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு உரக்கக் கேட்பார்.

“எல்லாரும் நலமா?”

“நலம் சார்!” என்று குளமே அதிரும்படி பிள்ளைகள் கத்துவார்கள்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் டக் டக் டக்கென்று அலகைத் தட்டிவிடுவார். “சரி, ஓடுங்க! குளத்தை மூணு சுத்து!”

நல்ல மனிதர்தான், அதாவது நல்ல நாரைதான். கொஞ்சம் அவசரக்காரர்.

அந்தப் பத்தொன்பதில் கடைசியாக வந்து சேர்ந்தவள் செதிலி. அவள் ஓர் அழுங்குக் குட்டி. உடம்பெல்லாம் செதில், எறும்புதான் சாப்பாடு, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அந்த அழுங்குதான். போன மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அவளுடைய அம்மாவை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அழுங்குக் குட்டிகள் அம்மாவின் வால்மேல் தொற்றிக்கொண்டுதான் காடு சுற்றும். தூங்கும்போதும் அந்த வாலை விடாது. செதிலி இப்போது தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு தூங்கினாள். பாவம், வேறு யார் வாலைப் பிடிப்பாள்!

காலையில் அவளும் “நலம் சார்!” என்று கத்துவாள். கத்தாவிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே!

ஒரு நாள் வாத்தியார் சொன்னார். “இன்னைக்கு ஜோடிப் பயிற்சி! ஆளுக்கொரு ஜோடி பிடிங்க!”

செதிலி அணிலின் பக்கம் நகர்ந்தாள்.

“ஐயோ, உன் செதில் குத்தும்!” என்று அணில் துள்ளி ஓடியது.

முயலைப் பார்த்தாள். முயல் ஏற்கெனவே கீரியின் கையைப் பிடித்திருந்தது. உடும்பைப் பார்த்தாள். உடும்பு வேறு பக்கம் பார்த்தது. பத்தொன்பதை இரண்டு இரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சியவள் செதிலி.

அவளுக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் அழுதால் மானம் போய்விடும். கரையோரம் இருந்த தட்டைப் பாறையில் ஏறினாள். முகத்தை வயிற்றில் புதைத்தாள். வாலால் தன்னைச் சுற்றிக்கொண்டு பந்தாகிவிட்டாள்.

வாத்தியார் அதைப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன.

“அடடா! பார்த்தீங்களா பிள்ளைகளா? முதுகு எவ்வளவு அழகா வளைஞ்சிருக்கு! கொஞ்சமாவது அசையுதா? இதுதான் பந்தாசனம்! முதல் பரிசு செதிலிக்கு!”

எல்லாரும் கை தட்டினார்கள். பந்தின்மேல் பரிசாக ஒரு தாமரைப்பூ வந்து விழுந்தது. உள்ளே அழுதுகொண்டிருந்தவளுக்குப் பூ கண்ணில் படவே இல்லை.

வாத்தியார் அதோடு விட்டாரா? “நாளையிலிருந்து செதிலி தினமும் இந்தப் பாறையில பந்தாசனம் செய்வா. ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க யானையம்மா வராங்க. அவங்களுக்கு இதைத்தான் காட்டப்போறோம். அதுவரைக்கும் யாரும் அவளைத் தொடக்கூடாது! பேசக்கூடாது! ஆசனம் கலைஞ்சிடும்!” என்றார்.

முன்பு யாரும் பேசவில்லை. இப்போது பேசக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது!

செதிலி தினமும் பாறையில் சுருண்டாள். சுருள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. விரிவதுதான் நாளுக்கு நாள் கஷ்டமாகியது. எறும்புப் புற்றுப் பக்கம் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள், கடைசியில் நிறுத்தியேவிட்டாள். பசிக்கவில்லை. ஓடும் சத்தமும் சிரிப்புச் சத்தமும் தூரத்தில் கேட்கும். யாராவது வந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று இருக்கும். காலடிகள் பாறை வரை வரும், “உஷ்! ஆசனம்!” என்று திரும்பிப் போய்விடும். அவள் இன்னும் இறுக்கமாகச் சுருள்வாள்.

“என்ன முன்னேற்றம்!” என்று வாத்தியார் பூரித்துப்போவார்.

கோடை வந்தது. குளம் வற்றி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கியது. ஆண்டு விழா நாளும் வந்தது. யானையம்மாவை அழைத்து வர வாத்தியார் பிள்ளைகளோடு காட்டு வழிக்குப் போனார். கரையில் மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, பாறைமேல் செதிலி. இன்னொன்று, பொக்கையன் என்ற தேரை.

பொக்கையன் மதிப்பெண்ணில் பள்ளியிலேயே கடைசி. பல் பரிசோதனையில் அவனுக்குப் பூஜ்யம், வாயில் பல்லே கிடையாது. காது பரிசோதனையிலும் பூஜ்யம், திருப்பிப் பார்க்கக் காது மடலே கிடையாது. நகப் பரிசோதனையிலும் பூஜ்யம், விரலில் நகமே கிடையாது. வரவேற்புக்கு லாயக்கில்லை என்று அவனை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

வெயிலில் அவன் தோல் காந்தியது. ஈரம் தேடித் தத்தித் தத்தி அலைந்தான். தட்டைப் பாறையில் பந்தின் அடியில் ஓர் ஈரத் திட்டு தெரிந்தது.

“அப்பாடா!” என்று அதன்மேல் வயிற்றை வைத்தான். அடுத்த நொடி துள்ளிக் குதித்தான். “ஐயையோ, எரியுதே! இது உப்புத் தண்ணி! செதிலி, இந்தக் காட்டுல ஏது உப்புத் தண்ணி?”

பந்து இன்னும் இறுகியது.

பொக்கையன் தன் பெரிய கண்ணைச் செதில் இடுக்கில் வைத்தான். “ஏய், நீ உள்ள என்ன பண்றே?”

உள்ளிருந்து குரல் வந்தது. “அழறேன்.”

“எவ்வளவு நாளா?”

“முதல் பரிசு வாங்குறதுக்கு முன்னாடியிலிருந்து.”

பொக்கையன் திகைத்துப் போனான். “எனக்கு ஆறுதல் எல்லாம் சொல்லத் தெரியாது. அதுக்குப் பரிட்சை வெச்சா அதுலயும் பூஜ்யம்தான். ஆனா பக்கத்துல உட்காரத் தெரியும். உட்காரட்டுமா?”

“பேசினா சார் திட்டுவாரு.”

“திட்டட்டும். என்னைத் திட்டாத நாள் ஏது?”

அவன் பாறையில் உட்கார்ந்தான். தான் விழுங்கிய ஈயைப் பற்றிச் சொன்னான். வயிற்றில் அது ஊர்ந்ததைச் சொன்னான். பிறகு பேச்சு குறைந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாறை சுட்டது.

“பொக்கையா?” என்றாள் செதிலி. பதில் இல்லை. வால் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவன் தோல் காய்ந்து சுருங்கியிருந்தது. கண்கள் செருகிக்கொண்டிருந்தன. ஆனாலும் அவன் பாறையை விட்டு இறங்கவில்லை.

“தண்ணிக்குப் போ! செத்துடுவே!”

“நீ தனியா... இருப்பியே...”

செதிலி விரிந்தாள். மரத்துப்போன கால்களை ஊன்றி எழுந்தாள். தன் அகல வாலை அவன்மேல் குடையாகக் கவிழ்த்தாள். பிறகு அவனை மெல்ல அந்த வால்மேல் ஏற்றிக்கொண்டாள். நாள் கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு. இரண்டு அடி வைத்தாள், தடுமாறினாள். மறுபடி இரண்டு அடி. குட்டையின் ஓரத்தில் அவனை இறக்கிவிட்டு அங்கேயே விழுந்தாள்.

“ஆசனத்தைக் கலைச்சிட்டியே!”

நாரை வாத்தியார் பறந்து வந்து இறங்கினார். பின்னால் பிள்ளைகள். அதற்கும் பின்னால் யானையம்மா.

சேற்றிலிருந்து பொக்கையன் தலையைத் தூக்கினான். “அது ஆசனம் இல்ல சார். அவ அழுதுட்டு இருந்தா.”

“அழுகையா? அது வியர்வைடா! பயிற்சி பண்ணினா வியர்க்கும்!” என்று சொல்லிக்கொண்டே வாத்தியார் குனிந்தார். செதிலியின் முகம் தெரிந்தது. கண்கள் வீங்கியிருந்தன. கன்னம் ஒட்டியிருந்தது.

வாத்தியாரின் அலகு திறந்தபடி நின்றது. இத்தனை நாளும் அந்தப் பந்தை எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர். முகத்தை இன்றுதான் பார்க்கிறார்.

“விழா ஆரம்பிக்கலாமா?” என்றார் யானையம்மா.

“மன்னிக்கணும் அம்மா. கொஞ்சம் காத்திருக்கணும்” என்றார் வாத்தியார். தூக்கிய காலைக் கீழே வைத்தார். இரண்டு கால்களையும் மடக்கிச் சேற்றில் உட்கார்ந்தார்.

“செதிலி, நலமாம்மா?”

கேட்டுவிட்டு அலகைத் தட்டவில்லை. ஓடச் சொல்லவில்லை. காத்திருந்தார். நாவல் இலைகள் அசைந்து நின்றன. யானையம்மா தும்பிக்கையை ஆட்டாமல் நின்றார். வாத்தியார் இன்னும் காத்திருந்தார்.

“இல்ல சார்” என்றாள் செதிலி. “எனக்கு அம்மா வேணும்.”

அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றும் பதில் சொல்லலாம் என்பதே பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. முயல் மெல்லச் சொன்னது, “நானும் சில நாள் சும்மாதான் கத்துவேன் சார்.”

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. அம்மாவை அவரால் தர முடியாது. அதனால் தன் சிறகை விரித்து அவளுக்கு நிழல் பிடித்தார். கீரி ஓடிப்போய் எறும்புப் புற்று மண்ணை உருட்டி வந்தது. அணில் தயங்கித் தயங்கி வந்து அவள் வால் நுனியைப் பிடித்துப் பார்த்தது. “இந்தப் பக்கம் குத்தலையே!” என்றது.

மறுநாள் முதல் வாத்தியார் ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து தனித்தனியாகக் கேட்டார். பத்தொன்பது பேரையும் கேட்டு முடிக்க வெயில் ஏறிவிடும். குளத்தை ஒரு சுற்றுதான் ஓட முடிந்தது. செதிலி சில நாள் “இல்ல சார்” என்றாள், சில நாள் “பரவாயில்ல சார்” என்றாள். அவள் “நலம் சார்” என்று சொல்ல அடுத்த மழைக்காலம் வரை ஆயிற்று, அதுவரையும் அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

பல்லையும் நகத்தையும் பார்ப்பதோடு நலப் பாடம் முடிந்துவிடாது; ‘நலமா?’ என்று கேட்டவர் பதில் வரும்வரை பக்கத்தில் இருந்தால்தான் உள்ளே சுருண்டு கிடக்கும் மனம் விரியும்.