பொடிச்சி விட்ட வாசல்

கிட்ட வந்து உட்காருங்க. அலைச் சத்தத்தில் என் குரல் எட்டாது.

அந்தக் காலத்தில் கடலும் பேசும், நண்டும் பேசும். கரை மட்டும் வெறும் மணலாகக் கிடந்தது. கோலம் இல்லாத வாசலைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? கடலுக்கும் அதேதான் தோன்றியது. "இங்கே குடியிருக்க ஆளே இல்லை போலிருக்கு" என்று, வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது.

மேட்டு மணலில் ஆமை தன் முட்டைகளைப் புதைத்திருந்தாள். குஞ்சு வெளியே வர இன்னும் நாள் இருந்தது. "தண்ணி தொட்டா அத்தனையும் கூமுட்டையாப் போயிருமே!" என்று நடுங்கினாள்.

பொடிச்சி என்ற சின்ன நண்டு சொன்னாள்: "நாம இருக்கோம்னு கடலுக்குத் தெரியணும் அக்கா. கரை முழுக்க எல்லாருமாக் கோலம் போடுவோம்."

தண்ணீர் வற்றியதும் ஆரம்பித்தார்கள். உள்ளான் குருவி காலால் புள்ளி வைத்தது. நத்தை வயிற்றால் கோடு இழுத்தது. ஆமை துடுப்புக் கையால் வளைவு போட்டாள். பொடிச்சி மணலை வாயில் உருட்டி உருட்டி, தன் வளையைச் சுற்றிக் கதிர் கதிராக அடுக்கினாள்.

"எவன் என் புள்ளிமேல ஊர்ந்தது?" என்று உள்ளான் கத்தியது.

"நீ தத்தித் தத்தி வச்சதுக்குப் பேரு புள்ளியா?" என்றது நத்தை.

"சண்டையை அப்புறம் வச்சுக்குங்க, தண்ணி திரும்புது!" என்று ஆமை கெஞ்சினாள்.

அந்தப் பதற்றத்தில் கரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இண்டு இடுக்கு விடாமல் அடைத்துவிட்டார்கள். அதுதான் தப்பாய்ப் போனது.

கடல் வந்தது, பார்த்தது, முகம் கறுத்தது. "ஆள் இருக்கீங்க, சரி. கால் வைக்க ஒரு வழி இல்லையே? என்னை வராதேன்னு வேலியா போட்டிருக்கீங்க?" அலை பனை உயரம் எழும்பி நின்றது.

ஆமை அலறினாள்: "யாராவது வழி விடுங்களேன்!"

"வழி விட்டா அது ஒரு வீட்டுக்குத்தானே போகும்? யார் வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு நத்தை ஓட்டுக்குள் போய்விட்டது. உள்ளான் வானத்தைப் பார்த்தது.

"என் வீட்டுக்கு" என்றாள் பொடிச்சி. ஆசையாய் அடுக்கிய உருண்டைகளைத் தானே தள்ளிவிட்டு, வளையிலிருந்து தண்ணீர்வரை நேராக ஒரு பாதை திறந்தாள்.

"கிறுக்கி! முழுகிச் சாகப்போறே!" என்று ஆமை கத்தினாள்.

"விருந்தாளி வரட்டும் அக்கா."

கடலின் கோபம் தணிந்தது. அந்தப் பாதையில் நுழைந்து, கோலத்தைப் பார்த்துக்கொண்டே மேலே வந்தது. நுரை நெருங்கியது, இன்னும் நெருங்கியது. வளைக்கு ஒரு சாண்தான் பாக்கி. பொடிச்சி உள்ளே குதித்து, ஒரு மணல் உருண்டையை இழுத்து வாசலை அடைத்தாள்.

சாத்தியிருந்த வாசலில் கடல் நின்றது. "வீட்டுக்காரி இல்லை போலிருக்கு. ஆள் இல்லாத நேரத்துல மேலே ஏறுறது முறையில்லை. அடுத்த வேளை வர்றேன்" என்று திரும்பியது. ஈரக்கால் பட்டுக் கோலமெல்லாம் அழிந்தது. முட்டைமேல் ஒரு சொட்டுகூட விழவில்லை.

அன்று முதல்தான், தண்ணீர் வற்றும்போதெல்லாம் அந்தச் சின்ன நண்டு வளையைச் சுற்றிப் புதிதாக உருண்டை அடுக்குகிறது. ஒரு பாதை மட்டும் விட்டுவைக்கிறது. கடல் பார்க்க வந்ததும் உள்ளே இறங்கி, கடைசி உருண்டையால் கதவைச் சாத்திக்கொள்கிறது.