எண்ணாமல் போட்ட இருபது

"என்கிட்ட என்ன குறை கண்டீங்க, சிஸ்டர்? அதை மட்டும் சொல்லிடுங்க."

இடுப்பில் கைவைத்துக்கொண்டுதான் கேட்டாள் ஜெபக்கனி. வயது நாற்பத்தாறு. நர்ஸ் வேலையில் இருபத்து மூன்று வருஷம். மேல்படிப்பில் தங்க மெடல் வேறு.

பதில் சொல்ல வேண்டியவள் ஷமீமா, அந்த அறுவைசிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸ். வயது முப்பத்து நான்கு. ஜெபக்கனி முதல் ஊசி போட்ட வருஷம் ஷமீமா பள்ளிக்கூடத்தில் ஊசியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்திருப்பாள்.

அந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். நர்ஸிங் மாணவிகளுக்கு வார்டில் பாடம் சொல்லித்தரும் பதவி வேண்டுமென்றால், முன்பின் தெரியாத ஒரு வார்டில் ஒரு மாதம் வேலை பார்க்க வேண்டும். அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ், சின்னவளோ பெரியவளோ, பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் தங்க மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாலும் நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

நேர்முகம் நாளைக்குப் பதினொரு மணிக்கு. புத்தகம் ஷமீமாவின் மேஜையில் ஒரு வாரமாகக் கிடக்கிறது. கையெழுத்து இல்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கே வந்திருக்கும்.

"கட்டுப் போடுறதுல குறையா? மருந்து குடுக்கறதுல குறையா? ஒரு நோயாளி என்னைப் பத்திப் புகார் சொல்லியிருக்காங்களா?"

"இல்லக்கா. ஊசி போட உங்களைத்தான் தேடறாங்க. கட்டு நீங்க போட்டா நானே நின்னு பாக்கறேன்."

"அப்புறம் என்னதான் சிஸ்டர்?"

ஷமீமா மேஜையில் அடுக்கியிருந்த சார்ட்டுகளில் மேலே இருந்ததை எடுத்தாள். ஒன்பதாம் கட்டிலுடையது.

"எட்டு மணிக்கு மூச்சு எவ்வளவு?"

"இருபது."

"பத்து மணிக்கு?"

"இருபது."

"பன்னண்டுக்கு?"

ஜெபக்கனி சார்ட்டிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஷமீமா அடுத்த சார்ட்டைப் பிரித்தாள். இருபது. அதற்கடுத்தது. இருபது.

"வார்டுல இருபத்தி நாலு பேரு. எல்லாருமா சேர்ந்து கோரஸா மூச்சு விடறாங்களாக்கா?"

ஜெபக்கனிக்குக் காதெல்லாம் சிவந்துபோனது.

இதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்தை மெஷின் சொல்லிவிடும். நாடித்துடிப்பையும் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் பக்கத்தில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். இருபத்து நாலு பேருக்கு இருபத்து நாலு நிமிஷம். எவளுக்கு நேரம் இருக்கிறது? அதனால் ஆளைப் பார்த்து நன்றாக இருந்தால் இருபது என்று போட்டுவிடுவார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் வேண்டுமானாலும் பாருங்கள்.

"எல்லா வார்டுலயும் இப்படித்தான சிஸ்டர் போடுதாங்க" என்றாள் ஜெபக்கனி. கோபம் வந்தால் அவளுக்கு நாகர்கோவில் எட்டிப் பார்த்துவிடும். "ஒருத்தருக்காவது ஏதாவது ஆச்சா இந்த மாசம்?"

"ஆகல."

"பொறவு?"

"ரெண்டு தடவை உங்ககிட்ட சொன்னேன். சரி சிஸ்டர்னு சொன்னீங்க. அப்புறமும் இருபதுதான். அதனால உங்க ட்யூட்டி அன்னிக்கெல்லாம் நான் உங்க பின்னாடியே போய் எண்ணிட்டிருந்தேன்."

ஜெபக்கனிக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், எண்ணுவதாக ஒரு வார்த்தை சொல்லாமல், பின்னாலேயே.

"இன்னிக்குமா?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து சூப்பிரண்டு ஆபீஸ்ல மீட்டிங். இப்பதான் வந்தேன்."

"அப்ப இன்னிக்கு..."

"இன்னிக்கு யாரும் எண்ணல."

ஷமீமா எழுந்தாள். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். முதல் கட்டிலை நோக்கித் தானே நடந்தாள்.

"நீங்க அங்கேர்ந்து எண்ணுங்கக்கா. நான் இங்கேர்ந்து எண்ணிட்டு வரேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஒன்பதாம் கட்டிலில் ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கத்து லாரி டிரைவர். வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்றாவது நாள். வார்டையே சிரிக்க வைக்கிற ஆள்.

ஜெபக்கனி நாடி பார்ப்பதுபோல அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான்.

"என்ன சிஸ்டர், கையப் புடிச்சு ஜோசியமா பாக்குறீக?"

"பேசாம இருங்க அண்ணே."

கடிகாரத்தில் நொடிமுள் ஒரு சுற்று வந்தது.

முப்பத்திரண்டு.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்தாள். இன்னொரு சுற்று.

முப்பத்திரண்டு.

ஒச்சப்பன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்கவில்லை. நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். காலையிலிருந்தே அப்படித்தான் பேசியிருக்கிறார். அதை வேடிக்கை என்று அவள் நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

"ஷமீமா சிஸ்டர்!"

ஷமீமா ஓடி வந்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்தாள்.

ஜெபக்கனி போனை எடுத்தாள். மறுமுனையில் டாக்டர் நிரஞ்சன், மேல்படிப்பு மாணவர். ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்.

"டாக்டர், ஒன்பதாம் கட்டிலுக்கு உடனே வாங்க. மூச்சு முப்பத்திரண்டு இருக்கு."

"ஒச்சப்பனா? பத்தரைக்கு நான்தான் பாத்தேன் சிஸ்டர். நாடி நூத்திநாலு. வலில அப்படித்தான் இருக்கும். மூச்சு சார்ட்ல இருபதுன்னுதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு டாக்டர்."

"எட்டு மணிக்கும் இருபது, பத்துக்கும் இருபது. திடீர்னு எப்படி முப்பத்திரண்டு ஆகும்? பொறுமையா இன்னொரு தடவை எண்ணுங்க. இந்தக் கேஸ் முடிஞ்சதும் வரேன்."

அந்த இருபதைத்தான் அவர் நம்புகிறார். அவள் எழுதிய இருபதை.

ஷமீமா ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நான் பேசறேன்."

குடுத்திருக்கலாம். குடுத்திருந்தால் ஷமீமா எப்படியாவது பேசி வரவழைத்திருப்பாள். இருபதைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாளைக்குப் பதினொரு மணி பத்திரமாக இருந்திருக்கும்.

ஜெபக்கனி போனைக் கொடுக்கவில்லை.

"டாக்டர், அந்த இருபது நான் எண்ணாம போட்டது. எட்டு மணிக்கும் எண்ணல, பத்து மணிக்கும் எண்ணல, பன்னண்டுக்கும் எண்ணல. இப்பதான் எண்ணினேன். ரெண்டு தடவை. வாங்க."

போனில் குரல் மாறி வந்தது.

"வரேன்."

வந்தார். பார்த்தார். முகம் மாறியது. ட்ராலி வந்தது. ஸ்கேனுக்குப் போகிறவரைக்கும் ஜெபக்கனி ஒச்சப்பனின் கையை விடவில்லை.

நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உடனே மருந்து ஏற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மூச்சு மெல்ல இறங்கியது. "ஜோசியம் பலிச்சிருச்சா சிஸ்டர்?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார் ஒச்சப்பன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை.

அங்கேயே சார்ட்டை வாங்கினாள். ஆஸ்பத்திரி சார்ட்டில் எதையும் அழிக்கக்கூடாது. மூன்று இருபதின் மேலும் ஒற்றைக் கோடு போட்டாள். பக்கத்தில் "எண்ணாமல் எழுதியது" என்று எழுதி, பெயரும் நேரமும் போட்டாள். மூன்று இடத்திலும்.

வார்டுக்குத் திரும்பும்போது மூன்று மணி ஆகிவிட்டது. ஷமீமா இருபத்து நாலாம் கட்டிலில் எண்ணி முடித்து நிமிர்ந்தாள்.

"பொழச்சுக்குவாரு" என்றாள் ஜெபக்கனி.

"டாக்டர் போன்ல சொன்னாரு. அல்ஹம்துலில்லாஹ்."

"என் புத்தகத்தக் குடுங்க சிஸ்டர். நாளைக்கு நான் வரலன்னு ஆபீஸ்ல சொல்லிட்டுப் போயிடுதேன். அந்த சார்ட்டு எப்படியும் சூப்பிரண்டு மேஜைக்குப் போயிரும்."

"போகும். நானே கொண்டுபோய்க் குடுக்கப்போறேன்."

ஷமீமா புத்தகத்தை நீட்டினாள். ஜெபக்கனி பிரித்துப் பார்த்தாள்.

கையெழுத்து இருந்தது.

"இது எப்ப போட்டீங்க?"

"உங்க ட்ராலி வாசலைத் தாண்டினதும்."

"அப்ப ஸ்கேனே எடுக்கலியே! அவருக்கு என்னன்னே யாருக்கும் தெரியாதே!"

"தெரியாது."

"ஒண்ணுமில்லன்னு வந்திருந்தா?"

"அவரு சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பாரு."

ஜெபக்கனி புத்தகத்தை மூடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம். மதிய வகுப்புக்கு மாணவிகள் வந்துவிட்டார்கள். பதினாலு பேர், கசங்காத யூனிஃபார்ம், கையில் புது நோட்டு.

"இன்னிக்கு எனக்குத் தொண்டை சரியில்லக்கா" என்றாள் ஷமீமா. அவள் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. "நீங்க எடுங்க."

"நானா? சிஸ்டர், நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

ஷமீமா அதற்குள் முதல் கட்டிலுக்குப் போய்விட்டாள். இரண்டாவது சுற்று.

மாணவிகள் ஜெபக்கனியைச் சுற்றி நின்றார்கள். முன்னால் நின்ற பெண் பேனா மூடியைக் கழற்றினாள்.

"மேடம், தலைப்பு என்னன்னு போட்டுக்கட்டும்?"

ஜெபக்கனி அந்தப் பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பேனாவ மூடுங்க. இன்னிக்குக் காலைல நான் மூணு தடவை பொய் எழுதினேன். மொதல்ல அதைக் கேளுங்க."