வாசலில் ஒரு போட்டோ

கட்டுமரக்காரர் சூசைமிக்கேலின் வீட்டைக் கடல் கொண்டுபோய் மூணு வருஷமாச்சு. பள்ளிக்கூட முகாமில் கிடந்தவர் மாற்று வீடு கேட்டுப் போனால், அதிகாரி கோமதிநாயகம் செல்போனை ஆட்டிக் காட்டினார்.

"ஆப் கேக்குது வே! பழைய வீட்டு வாசல்ல நீரும் நானும் நின்னு போட்டோ எடுக்கணும். இடம் தப்புனா ஏத்துக்காது."

"அவ்வளவுதானே சாரே? நாளைக்கே வாருங்க."

மறுநாள் காலை அதிகாரியைக் கட்டுமரத்தில் ஏற்றினார். மீன் கிடக்கும் இடத்தைக் குறிபார்க்கிற மாதிரியே, கோயில் கோபுரத்தை மலை உச்சியோடும், கலங்கரை விளக்கத்தைப் பாறையோடும் நேர் பார்த்துத் துடுப்புப் போட்டார். நிறுத்திய இடத்தில் செல்போன் பச்சை காட்டியது: 'இடம் சரி.'

"நம்ம வாசல்தான் சாரே. கூச்சப்படாம நில்லுங்க."

அதிகாரி அவர் தோளைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார். ஆப் அடுத்ததைக் கேட்டது: 'வீடு வசிக்கத் தகுந்ததா? அதிகாரி உள்ளே சென்று பார்க்கவும்.'

"எறங்குங்க சாரே," என்றார் சூசைமிக்கேல் அன்போடு. "செல்போனை நான் பிடிச்சுக்கிடுதேன்."

கோமதிநாயகம் எட்டிக்கூடப் பார்க்காமல் 'இல்லை'யை அழுத்தினார். கரை சேருமுன்னே வீட்டு உத்தரவு வந்துவிட்டது.

"புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நீங்க கட்டாயம் வரணும் சாரே."

"வாறேன் வே. அது தரையிலதான இருக்கும்?"