வரையாட்டுக் கடாவின் வெள்ளி முதுகு

அந்தக் காலத்தில், மிருகங்கள் வாய் திறந்து பேசி, பேசியதற்குக் கட்டுப்பட்டும் நடந்த காலத்தில், மேகமுட்டி மலையின் அடிச்சோலையில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் பக்கத்தில் யாரும் போய் உட்கார்ந்ததில்லை. முள்ளை அம்பாக எய்யும் என்று எந்தப் புண்ணியவானோ ஒரு புரளியைக் கிளப்பிவிட்டிருந்தான். அதற்குப் பிறகு முயல்கூட எட்ட நின்றே நலம் விசாரித்தது.

அந்தப் புரளியை மதிக்காத ஒரே பிராணி உச்சியன் என்ற வரையாட்டுக் கடா. அப்போதெல்லாம் வரையாடுகள் கடா, பெட்டை என்ற வித்தியாசமில்லாமல் பாறை மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தன.

"மச்சான், உச்சிக்கு வர்றியா? நீ இந்தப் பொந்தை விட்டா வேற என்னத்தப் பாத்திருக்க?" என்றது கடா ஒரு நாள்.

"நான் ராத்திரி நடமாடுற ஜென்மம். எனக்கு இருக்கிறது குட்டைக் காலு வேற. அம்மாம் பெரிய மலையை எங்க ஏற?"

"இதெல்லாம் ஒரு மலையா? புல்லு வழியாப் போனா பேசிக்கிட்டே ஏறிடலாம். பொழுது சாயுறதுக்குள்ள உன்னைப் பொந்துல கொண்டு வந்து சேக்குறது என் பொறுப்பு."

விடிந்ததும் இரண்டும் கிளம்பின. கடா சொன்னது பொய்யில்லை. அதன் கூட்டம் தினமும் மேய்ந்து மேய்ந்து, பொந்துக்குப் பக்கத்து ஓடையிலிருந்து உச்சி வரை புல் கட்டையாகி ஒரு தடமே விழுந்திருந்தது. நாலு எட்டில் போய்விடக்கூடிய இடத்துக்கும் கடா நின்று நின்று வந்தது. நண்பனுக்கு மூச்சு வாங்கினால், தனக்குப் பசிப்பதுபோல் புல்லைக் கடித்தது. கூரனுக்கு அது புரியாமல் இல்லை.

உச்சியில் ஏறி நின்று கூரன் சுற்றிலும் பார்த்தது. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. தன் சோலை கீழே ஒரு கைப்பிடிக் கீரை அளவுக்குத் தெரிந்தது. 'இவ்வளவும் இருந்திருக்கிறது, நான் பொந்துக்குள் கிடந்திருக்கிறேன்' என்று நினைத்து, "நல்லா இருப்பே மச்சான்" என்று மட்டும் சொன்னது.

அதோடு இறங்கியிருந்தால் கதையே இல்லை. ஒரு கடமான் உதிர்த்த கொம்பு பாறையோரம் கிடந்தது. கொம்பைக் கண்டால் முள்ளம்பன்றிக்குக் கொறிக்க நாக்கு ஊறும். ஆசை யாரை விட்டது?

"போதும் மச்சான், மேகம் கருக்குது."

"இந்தா, இந்த ஒரு நுனி மட்டும்."

நுனி முடிந்து நடு வந்தது. நடு முடிவதற்குள் மழையில்லாமல் இடி விழுந்தது. கீழ்ச்சரிவின் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. மலைத்தீ மேல்நோக்கித்தான் ஓடும். முன்னால் தீ, பின்னால் செங்குத்துப் பாறை.

வரையாட்டுக்குப் பாறை வாசற்படி. இரண்டு தாவலில் உச்சியன் தப்பிவிடலாம். கூரன் கொம்பைக் கீழே போட்டது.

"நீ போ. எல்லாம் என் வாயால வந்த வினை."

கடா போகவில்லை. நண்பனுக்கு முன்னால் வந்து மண்டியிட்டது.

"ஏறு. நாங்க மேஞ்ச தடத்துல தீ அவ்வளவாப் பிடிக்காது. புகைதான் இருக்கும்."

"பயந்தா என் முள்ளு தானா நிமிரும். உன் முதுகைக் கிழிச்சிரும்."

"கிழியட்டும். ஏறு."

கூரன் ஏறியது. பிறந்ததிலிருந்து இன்னோர் உயிரின் சூட்டை அது அறிந்ததில்லை. வயிற்றைக் கடாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, காலையில் கண்ட மலைகளை மூடிய கண்ணுக்குள் பார்த்துக்கொண்டே முள்ளை அடக்கியது. கடா தடத்தோடு புகைக்குள் பாய்ந்து இறங்கியது. பாதி வழியில் ஒரு மரம் வெடித்தபோது முள் அடங்கவில்லை. பக்கவாட்டு முட்கள் சடாரென்று நிமிர்ந்து குத்தின. கடா ஒரு முறை சிலிர்த்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றது. ஓட்டத்தை நிறுத்தவில்லை.

ஓடைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. கடா சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் கரிப்புகை ஏறி அதன் மேனி அடுப்படிச் சுவராகக் கறுத்திருந்தது. குளித்தும் போகவில்லை, புரண்டும் போகவில்லை.

கூரன் அழுதது. "என்னால உன் நிறமே போச்சே மச்சான்."

கடா தண்ணீரில் தன் உருவத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது. "எங்க போச்சு? நீ உக்காந்த இடத்தைப் பாரு."

முதுகின் நடுவே, கூரன் ஒட்டிக் கிடந்த அகலத்துக்குப் புகை படவே இல்லை. அங்கே பழைய சாம்பல் நிறம் வெள்ளியாகத் தெரிந்தது.

கூரன் அந்த இடத்தில் மூக்கை வைத்தது. "என் பக்கத்துல உக்காரவே ஆளில்லாம இருந்தேன். நீ முதுகையே குடுத்தே. உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்." இந்த முறை ஒரு முள்கூட நிமிரவில்லை.

அன்று மறுசரிவில் மேய்ந்துகொண்டிருந்த பெட்டைகளும் குட்டிகளும் நிறம் மாறவில்லை. ஆண்குட்டியும் பிறக்கும்போது சாம்பலாகவே பிறக்கிறது. அன்று முதல்தான், இன்னொருவரைச் சுமக்கும் வலு வந்த பிறகே கடாவின் உடம்பு கறுக்கிறது, முதுகில் மட்டும் ஒரு நண்பன் உட்காரும் இடம் வெளுத்து நிற்கிறது.